இம்பிளான்ட் வைத்தாச்சு, மேலே எந்தக் கேப் போடுவது?

கேள்வி: டாக்டர், எனக்கு 57 வயது. சொந்த ஊர் தருமபுரி பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து மேடவாக்கம்தான். போன வருடம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டது. கீழே இடதுபக்கக் கடைவாய்ப் பல் ஏற்கெனவே எடுத்தது. இரண்டு இடத்திலும் இம்பிளான்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறது. இனி கேப் போடலாம் என்று டாக்டர் ஒரு தாளில் மூன்று விலை எழுதிக் கொடுத்திருக்கிறார்: ஸ்டாக் அபட்மென்ட்டும் மெட்டல் செராமிக் கேப்பும், ஸ்டாக் அபட்மென்ட்டும் ஜிர்கோனியாவும், கஸ்டம் அபட்மென்ட்டும் ஜிர்கோனியாவும். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் பல் ஒன்றுக்கு 9,000 ரூபாய் வித்தியாசம். இருப்பதிலேயே நல்லதைப் போடும்மா என்கிறாள் மகள். அதெல்லாம் பணம் பிடுங்குற வேலை, மெட்டல்தான் உடையாது என்கிறார் கொழுந்தனார். எங்கள் தெருமுனை கிளினிக்கில் கேப் மட்டும் பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். சர்க்கரை இருக்கிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டுக்காரர் சொல்கிறார். தை மாதம் மகனுக்குக் கல்யாணம், அதற்குள் முடியுமா?

பதில்: உங்கள் மகள் சொல்வதும் சரி, கொழுந்தனார் சொல்வதும் சரி. ஆனால் ஒரே பல்லுக்கு இல்லை. முன்பல்லுக்கு மகள் பேச்சைக் கேளுங்கள். கடைவாய்ப் பல்லில் தனியாக ஒரு கஸ்டம் அபட்மென்ட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. அந்த அளவுக்குக் கொழுந்தனார் ஜெயித்தார். மெட்டல் உடையாது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். கேப் எதில் செய்தது, அபட்மென்ட் எந்த வகை என்று மூன்று வரியிலும் இருக்கிறது. அந்தக் கேப் எப்படி நிற்கப் போகிறது, சிமென்ட் வைத்து ஒட்டப் போகிறார்களா, ஸ்க்ரூ போட்டு முடுக்கப் போகிறார்களா என்று எங்கேயும் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் விலையைக் கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்பேன். பத்து வருடம் கழித்து அந்தப் பல் உங்களுக்கு நிம்மதி தருமா, செலவு வைக்குமா என்பது கேப்பின் சரக்கைவிட அதற்குக் கீழே, ஈறுக்குள் இருக்கும் இணைப்பில்தான் அதிகம் இருக்கிறது.

எலும்புக்குள் இருக்கும் டைட்டானியம் திருகுதான் இம்பிளான்ட். வெளியே தெரிவது கேப். அதைச் செய்யும் பல் நிறக் கெட்டிப் பீங்கான்தான் ஜிர்கோனியா. இரண்டுக்கும் நடுவில் ஈறு வழியாக மேலே வரும் துண்டு அபட்மென்ட். ஸ்டாக் என்றால் கம்பெனியிலிருந்து சில அளவுகளில் ரெடிமேடாக வருவது. கஸ்டம் என்றால் உங்கள் வாயை அளவெடுத்து, கம்ப்யூட்டரில் வரைந்து, மெஷினில் கடைந்தெடுப்பது. இதில் ஒரு விஷயம்: லேபில் மெழுகில் செய்து உலோகத்தை உருக்கி வார்க்கும் பழைய முறையையும் சிலர் கஸ்டம் என்றே சொல்வார்கள். வார்த்தெடுத்த துண்டு, இம்பிளான்ட்டோடு சேரும் இடத்தில் கடைந்தெடுத்தது அளவுக்குத் துல்லியமாக உட்காராது. கஸ்டமுக்கான விலை கொடுப்பதாக இருந்தால், அது மில்லிங் செய்ததா, வார்த்ததா என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது சிமென்ட்டா ஸ்க்ரூவா என்ற கதை. டைட்டானியத்தோடு எலும்பு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது என்பதை 1952-ல் முயல்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் கவனித்தவர் சுவீடனைச் சேர்ந்த பிரானமார்க். 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்த நோயாளி 2006-ல் இறக்கும்வரை அந்த இம்பிளான்ட்டுகளோடுதான் இருந்தார். அந்தக் காலத்துப் பற்கள் எல்லாம் ஸ்க்ரூவில் நின்றவை, வேண்டும்போது டாக்டர் கழற்றலாம். அப்புறம், சாதாரணப் பல்லுக்குக் கேப் ஒட்டுவதுபோல இதையும் ஒட்டிவிடலாமே என்று சிமென்ட் முறை பரவியது. வேலை சுலபம், கேப்பின் மேல் துளை தெரியாது. இன்று நிறையப் பேர் மறுபடி ஸ்க்ரூ பக்கம் வந்திருக்கிறோம். காரணம், மிச்சமாகும் சிமென்ட்.

கேப்புக்குள் சிமென்ட் தடவி அழுத்தும்போது கூடுதலாக இருப்பது ஓரத்தில் பிதுங்கும். சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் நேராகச் செருகிப் பிடித்திருப்பதால் சிமென்ட் ரொம்பக் கீழே போகாது. இம்பிளான்ட்டைச் சுற்றி அந்தப் பிடிப்பு கிடையாது. நார்கள் டைட்டானியத்துக்குப் பக்கவாட்டில் படுத்த மாதிரி ஓடுகின்றன. சிமென்ட் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். அரிசி நுனியளவு துணுக்கு போதும், அதன்மேல் கிருமி குடியேறும், ஈறு வீங்கும், பிறகு எலும்பு கரையத் தொடங்கும். உடனே தெரியாது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கழித்து, பல் தேய்க்கும்போது ரத்தம், அழுத்தினால் சீழ், வாயில் ஒரு கெட்ட ருசி என்று வருவார்கள். 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படி நோய் வந்த இம்பிளான்ட்டுகளை ஈறுக்குள் குட்டிக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் இருந்தது. அதை எடுத்ததும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதத்தில் நோய் அடங்கியது. எக்ஸ்ரேயை நம்பிவிட முடியாது. பல்லின் இரண்டு பக்கவாட்டில் இருப்பது தெரியும், கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் இருப்பதை இம்பிளான்ட்டே மறைத்துவிடும். சில சிமென்ட்டுகள் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. உங்களுக்குச் சர்க்கரை வேறு இருப்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆகவே கடைவாய்ப் பல்லுக்கு என் யோசனை, உங்கள் தாளில் இல்லாத நான்காவது வழி: ஸ்க்ரூ போட்ட, டைட்டானியம் பேஸ் வைத்த, முழு ஜிர்கோனியா கேப். லேப்காரர்கள் சுருக்கமாக டை-பேஸ் என்பார்கள். கம்பெனி செய்த சின்ன டைட்டானியம் அடித்துண்டின் மேல் ஜிர்கோனியாவை லேபிலேயே ஒட்டிவிடுவார்கள். ஒட்டும் வேலை வாய்க்கு வெளியே நடப்பதால், பிதுங்கும் சிமென்ட்டைத் துடைத்துப் பாலிஷ் போட்டே வாய்க்கு அனுப்பலாம். கேப்பும் அபட்மென்ட்டும் ஒரே துண்டாக வரும், டாக்டர் மேலிருந்து ஸ்க்ரூவை முடுக்குவார். மென்று தின்னும் பரப்பில் ஒரு துளை இருக்கும். அதில் குழாய்க்காரர் மரைக்குச் சுற்றும் அதே டெஃப்லான் டேப்பைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே பல் நிறத்தில் காம்போசிட் வைத்து மூடிவிடுவோம். கீழ்வரிசை கடைவாய்ப் பல் என்பதால் நீங்களாக வாயை ஆவென்று திறந்து காட்டினால் ஒழிய யாருக்கும் தெரியாது.

தனிக் கஸ்டம் அபட்மென்ட் இங்கே தேவையில்லை என்பதற்கும் காரணம் இதுதான். உங்கள் இம்பிளான்ட் சுமார் 4 அல்லது 5 மி.மீ. விட்டமுள்ள வட்டம். அதன்மேல் நிற்க வேண்டிய கடைவாய்ப் பல்லோ 10, 11 மி.மீ. அகலம். ஸ்டாக் அபட்மென்ட்டில் இந்த விரிவு திடீரென்று நடக்கும், காளான் குடை மாதிரி. குடைக்குக் கீழே கீரை நாரும் இறைச்சி நாரும் போய் உட்காரும். கஸ்டம் அபட்மென்ட் ஈறுக்குள்ளிருந்தே மெல்ல விரியும். டை-பேஸ் முறையில் அந்த விரிவை ஜிர்கோனியாவிலேயே கொண்டுவந்துவிடலாம், இன்னொரு துண்டு எதற்கு? ஒரே நிபந்தனை, டை-பேஸின் உயரம். குட்டையானதில் ஒட்டுப் பிடிப்பு குறைவு, பல்லைக் கடிப்பவர்களுக்குக் கேப் கழன்று வந்துவிடும். இடம் இருந்தால் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ளதைப் போடச் சொல்லுங்கள்.

இம்பிளான்ட் சாய்வாக இருந்தால் இந்த ஏற்பாடு தடுமாறும். துளை கன்னத்துப் பக்கமாகவோ பல்லின் முனையிலோ வந்துவிடலாம். அப்போது உங்கள் டாக்டர் கஸ்டம்தான் வேண்டும் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. அப்படிச் செய்தால் கேப்பும் அபட்மென்ட்டும் சேரும் ஓரம் ஈறு மட்டத்திலேயே, சிமென்ட்டைத் துடைக்கக் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கொழுந்தனாரின் மெட்டல். மெட்டல் செராமிக் கேப்பில் உள்ளே இருக்கும் உலோகம் உடையாது, உண்மைதான். அதன்மேல் பூசியிருக்கும் செராமிக் பெயர்ந்து விழும். இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் பெயரும். ஜிர்கோனியாவிலும் மேலே செராமிக் பூசிய வகை ஒன்று உண்டு, அதற்கும் அதே கதிதான். கடைவாய்க்குக் கேட்க வேண்டியது பூச்சு இல்லாத, ஒரே கட்டியில் கடைந்த முழு ஜிர்கோனியா. அது எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால், பாலிஷ் போட்ட ஜிர்கோனியா அப்படித் தேய்க்காது. சொரசொரப்பாக விட்டால்தான் தேய்க்கும். கடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து டாக்டர் கேப்பை உரசிய பிறகு அந்த இடத்தைத் திரும்ப மினுமினுப்பாக்கினாரா என்று நாக்கால் தடவியே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடி பார்ப்பதில் அவசரம் காட்ட விடாதீர்கள். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருப்பதால் கடிக்கும்போது பல் துளி உள்ளே அமுங்கும். இம்பிளான்ட் அமுங்காது. இரண்டையும் ஒரே உயரத்தில் விட்டால் பாரம் முழுவதும் இம்பிளான்ட் தலையில். அதனால் மெல்லக் கடிக்கும்போது 8 மைக்ரான் கனமுள்ள மெல்லிய தகடு இடையில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், இறுக்கிக் கடித்தால் பிடிக்க வேண்டும். கலர் பேப்பரோடு முடித்துக்கொள்ளாமல் இந்தத் தகடு வைத்துப் பார்க்கிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். கேப் போட்ட பிறகு இரவில் மாட்டிக்கொள்ள ஒரு நைட் கார்டு செய்துகொள்ளுங்கள். கஸ்டம் அபட்மென்ட்டில் மிச்சமாகும் காசு அதற்குப் போகட்டும்.

முன்பல் வேறு கதை.

அங்கே ஈறு நேர்கோட்டில் இல்லை. பல்லின் நடுவில் மேலே வளைந்து ஏறி, இரண்டு பற்களுக்கு நடுவில் முக்கோணமாக இறங்கி நிற்கிறது. ஸ்டாக் அபட்மென்ட்டின் ஓரமோ சுற்றிலும் ஒரே மட்டம். முன்பக்கம் ஓரத்தைச் சரியாக ஈறுக்குள் ஒளித்தால், பக்கவாட்டில் அது 3 மி.மீ. ஆழத்துக்குப் போய்விடும். அங்கே தங்கும் சிமென்ட்டை எந்தக் கருவியாலும் முழுசாக எடுக்க முடியாது. கஸ்டம் அபட்மென்ட் ஈறின் வளைவைப் பின்தொடர்ந்து, எல்லாப் பக்கமும் ஈறுக்குக் கீழே அரை முதல் ஒரு மி.மீ.யில் நிற்கும். அந்த 9,000 ரூபாய்க்கு அர்த்தம் இருப்பது இங்கேதான். முன்பல்லில் இம்பிளான்ட் கோணம் தோதாக இருந்து, துளை அண்ணத்துப் பக்கம் வந்தால் இதையும் ஸ்க்ரூவிலேயே நிறுத்தலாம், எனக்கு அதுதான் இன்னும் பிடித்தம்.

நிறத்துக்கு வருவோம். உங்கள் ஈறு மெல்லியதா, தடிப்பா? 2 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் டைட்டானியத்தின் சாம்பல் நிறம் ஈறு வழியாக நிழலடிக்கும். சிரித்தால் ஈறு தெரிகிற ஆளாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி, டை-பேஸின் மேல் ஒட்டிய ஜிர்கோனியா அபட்மென்ட்டையோ, தங்க நிறப் பூச்சுள்ள டைட்டானியத்தையோ கேளுங்கள். அடிவரை முழுக்க ஜிர்கோனியாவே உள்ள அபட்மென்ட்டை நான் போட மாட்டேன். உள்ளே மெல்லிய சுவரில் விரிசல் விடலாம், கூடவே டைட்டானியம் இம்பிளான்ட்டின் உள்வாயையும் அது தேய்க்கிறது. அபட்மென்ட்டை மாற்றிவிடலாம், எலும்புக்குள் இருப்பதை மாற்றுவது அவ்வளவு லேசில்லை.

தருமபுரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் குடித்தவர்களின் பல்லில் வெள்ளைப் பட்டையும் பழுப்புத் திட்டும் இருக்கும். உங்களுக்கும் இருந்தால், புத்தகத்தில் உள்ள ஷேடு எண் ஒன்றை எழுதி லேபுக்கு அனுப்பினால் வரும் பல் பளிச்சென்று தனியாகத் தெரியும். பக்கத்துப் பல்லின் பட்டையையும் திட்டையும் டெக்னீஷியன் வரைந்து கொண்டுவர வேண்டும். அதற்காக இந்தக் கேப்பில் மட்டும் முன்புறம் மெல்லிய செராமிக் பூச்சு நல்லது. ஷேடு பார்ப்பதைக் காலை வெளிச்சத்தில், வேலை ஆரம்பிக்கும் முன்பே செய்யச் சொல்லுங்கள். வாயைத் திறந்தபடி நேரம் போனால் பல் காய்ந்து நிஜத்தைவிட வெளுப்பாகக் காட்டும். அன்றைக்கு லிப்ஸ்டிக் வேண்டாம், கண்ணைப் பறிக்கும் சேலை என்றால் மேலே சாம்பல் நிறத் துணி ஒன்றைப் போர்த்தச் சொல்லுங்கள். ஷேடு துண்டைப் பல்லோடு சேர்த்து வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினால் லேபுக்குப் பெரிய உதவி. டெக்னீஷியனே வந்து பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். சென்னையில் லேபும் கிளினிக்கும் ஒரே ஊரில் இருப்பதில் உள்ள லாபமே அதுதான், யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை.

கல்யாணத்துக்குள் முடியுமா என்று கேட்டீர்கள். முன்பல்லுக்கு நிரந்தரக் கேப்பை அவசரப்படுத்த வேண்டாம். இப்போது ஈறில் இருக்கும் துளை, குணமாக வைத்த மூடியின் வட்ட வடிவம். முன்பல் ஈறிலிருந்து வெளிவரும் இடத்தில் வட்டமாக இருப்பதில்லை, முக்கோணமாக இருக்கும். ஸ்க்ரூ போட்ட தற்காலிகக் கேப் ஒன்றை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஈறை அந்த வடிவத்துக்குப் பழக்க வேண்டும். அது வாரக்கணக்கில் ஆகும். ஈறு படிந்த பிறகு, அந்தத் தற்காலிகக் கேப்பின் அடிவடிவத்தையே நகலெடுத்து அளவெடுக்க வேண்டும். கேப்பைக் கழற்றிய சில நிமிடங்களில் ஈறு சுருங்கத் தொடங்கிவிடும் என்பதால் சாதாரணமாக அளவெடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். முகூர்த்தத்துக்குத் தற்காலிகக் கேப்போடு போங்கள், போட்டோவில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சீர்த்தட்டு முறுக்கையும் அதிரசத்தையும் மட்டும் முன்பல்லால் கடிக்காமல் கையால் ஒடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

தெருமுனை கிளினிக் பற்றி. விலை குறைவு என்பதற்காக மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இம்பிளான்ட் ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்வாய் வேறு, ஸ்க்ரூ வேறு, சமயத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையும் வேறு. ஸ்ட்ராமன், நோபல், ஆஸ்டெம் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் அபட்மென்ட் இருக்கிறது. அவற்றுக்கு ஒத்துப்போகும் என்று வெளியில் செய்தவையும் விற்கின்றன, அதில் நல்லதும் உண்டு, ஏனோதானோவும் உண்டு. உட்காரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தாலும் ஸ்க்ரூ தளரும், கிருமி புகும். பிரச்சினை வரும்போது வைத்தவர் கேப்பைக் குறை சொல்வார், கேப் போட்டவர் இம்பிளான்ட்டைக் குறை சொல்வார், நடுவில் நீங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செயற்கைப் பல் துறை இருக்கிறது, எக்ஸ்ரேயோடு போய்க் காட்டுங்கள். வேலையை, இம்பிளான்ட் வைத்தவரிடமே முடித்துக்கொள்ளுங்கள்.

எங்கே செய்தாலும் இம்பிளான்ட் டப்பாவில் வரும் ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி, அளவு, லாட் எண் அதில் இருக்கும். இல்லாவிட்டால் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு மகளோ மகனோ வெளிநாட்டில் இருந்து, நீங்கள் போய்த் தங்கியிருக்கும்போது ஸ்க்ரூ தளர்ந்தால், அங்கே இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். பில்லில் அபட்மென்ட் அதே கம்பெனியா, வெளியில் செய்ததா என்பதும் இருக்கட்டும்.

போடும் நாளில் கவனிக்க இரண்டே விஷயம். முடுக்குவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே, அபட்மென்ட் முழுசாக உட்கார்ந்ததா என்று பார்க்க. அதே படம் எலும்பு மட்டத்துக்கு ஆரம்பக் கணக்காகவும் இருக்கும். அப்புறம் ஸ்க்ரூவைக் கை அளவில் முடுக்கி விட்டுவிடாமல், முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். பல கம்பெனிகளில் அது 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். செய்கிறவருக்குக் கேள்வி உறுத்தாது.

சர்க்கரையைப் பொறுத்தவரை எலும்பு சேரும் கட்டம் தாண்டிவிட்டது. இனி ஈறுதான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். பல்லிடுக்குப் பிரஷ் ஒன்றை, கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை உள்ளதாகப் பார்த்து வாங்கி, தினம் ராத்திரி இரண்டு பக்கமும் விட்டு எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். வருடங்கள் போனால், பக்கத்துச் சொந்தப் பல் மெல்ல முன்னே நகர்ந்து, கேப்புக்கும் அதற்கும் நடுவே சாப்பாடு சிக்க ஆரம்பிக்கலாம். நிறையப் பேருக்கு நடப்பதுதான். ஸ்க்ரூ கேப் என்றால் கழற்றி லேபுக்கு அனுப்பி அந்தப் பக்கம் சேர்த்துப் போட்டுவிடலாம், ஒட்டிய கேப் என்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

என்றைக்காவது கேப் லேசாக ஆடினால் இம்பிளான்ட்டே போச்சு என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், பத்து நிமிட வேலை. ஆனால் அதோடு மாதக்கணக்கில் மென்றுகொண்டிருந்தால் ஸ்க்ரூ உள்ளேயே முறிந்துவிடும், முறிந்ததை எடுப்பது எங்களுக்கே பெரும்பாடு. அந்த வாரமே போய்விடுங்கள். கழன்று கையில் வந்தால் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். ஃபெவிகுவிக் வைத்து ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அதை மட்டும் செய்ய வேண்டாம்.